பழைய பற்றரி தாங்கிய பிழை

நான் ஓய்வுபெற்ற அன்று கராஜில் எனக்குத் தேநீர் விருந்து வைத்தார்கள். எல்லோரும் இரண்டு வார்த்தை பேசி முடித்த பிறகு, மின்பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த பிள்ளைகளில் ஒருத்தி கேட்டாள்.

"ராத்தா, உங்கட சேர்விஸில நீங்கள் கண்டுபிடிச்ச பெரிய பிழை எது?"

"நானே விட்ட பிழைதான்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு விஷயத்தைச் சொன்னதும், அதை எழுதித் தரச்சொல்லி விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இப்போது கணினியை வாகனத்தில் செருகினால் எந்தப் பெட்டியைக் கழற்றி மாற்ற வேண்டும் என்று அதுவே சொல்லிவிடுகிறது. அன்று அது சொன்னபடி செய்திருந்தால், என் கதையில் வரும் வான் வண்டியின் நல்ல பெட்டி ஒன்று குப்பைக்குப் போயிருக்கும், கெட்டது உள்ளேயே இருந்திருக்கும். அதனால் எழுதுகிறேன்.

என் ஊர் கிண்ணியாப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணி. படித்து முடித்ததும் திருகோணமலை உட்துறைமுக வீதியில் மோட்டார் சுற்றும் பட்டறை ஒன்றில் சேர்ந்தேன். எரிந்துபோன மோட்டார்களின் பழைய செப்புக் கம்பியை உரித்தெடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றுவது வேலை. கிண்ணியாவுக்குப் பாலம் வராத காலம். காலையில் துறைக்கு வந்து பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி அக்கரை இறங்கி பஸ் பிடித்தால்தான் எட்டு மணிக்குப் போய்ச்சேரலாம். பட்டறையில் நான் ஒருத்திதான் பெண். முதல் வருடம் என்னைத் தேநீர் போடச் சொன்னவர்கள், நான் சுற்றிய படகு மோட்டார்கள் பழுதாகித் திரும்பி வராததைக் கண்டதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள். சுருள் சுற்றுவதில் எனக்குப் பெருமை உண்டு. கம்பி ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், இடைவெளி விடாமல் சுற்றுவேன். அந்தப் பெருமைதான் பின்னால் என்னை மாட்டிவிட்டது.

ஜப்பானிலிருந்து ஹைபிரிட் வாகனங்கள் வந்து இறங்கத் தொடங்கியபோது பட்டறை கராஜாக மாறியது. பெற்றோல் இயந்திரம், மின்மோட்டார் இரண்டும் உள்ள வாகனங்கள் அவை. பற்றரியின் இருநூறு வோல்ற்றை மோட்டாருக்கு வேண்டியபடி கூட்டியும் குறைத்தும் கொடுக்கும் கொன்வேர்ட்டர்தான் அவற்றின் உயிர். எங்கள் பொறுப்பாளர் சிவஞானம் சேர் மின்பொறியியல் படித்தவர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சத்தம் போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கேள்வி மட்டும்தான் கேட்பார்.

அவருடைய பிரிவில் ஆளுக்கொரு கொப்பி உண்டு. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு கோடு இழுத்திருப்போம். இடப்பக்கம் 'கண்டது', வலப்பக்கம் 'நினைத்தது'. "கொன்வேர்ட்டர் பழுது" என்று இடப்பக்கம் எழுதினால் சிவப்புப் பேனையால் வெட்டிவிடுவார். "பழுதைக் கண்டனீங்களோ? இல்லை, வாகனம் நிண்டதைத்தானே கண்டனீங்கள்?" என்பார். வாகனம் நின்றது இடப்பக்கம். பழுது வலப்பக்கம்.

ஹைபிரிட்டைத் திறப்பதற்கும் அவரிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் சாவியைக் கழற்றித் தூரத்தில் வைப்பது. பிறகு ரப்பர் கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று காற்றடைத்துப் பார்த்து அணிவது. பற்றரியை மற்றப் பகுதிகளிலிருந்து பிரிக்கும் செம்மஞ்சள் நிறச் செருகியைப் பிடுங்கி, அதைத் திறக்கிறவரே தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வது. பிறகு கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் சும்மா நிற்பது. செருகியைப் பிடுங்கினாலும் உள்ளே உள்ள கப்பாசிட்டர்களில் ஆளைக் கொல்லும் மின் தேங்கியிருக்கும். அது வடியத்தான் அந்தப் பத்து நிமிடம். அதற்குப் பிறகும் நேரே அளக்கக்கூடாது. மீற்றர் வேலை செய்கிறதா என்று முதலில் ஒரு நல்ல பற்றரியில் அளக்க வேண்டும், பிறகு வாகனத்தில், பிறகு திரும்பவும் நல்ல பற்றரியில். எவ்வளவு அவசரமாக ஆள் வந்து வாசலில் நின்றாலும் இந்த ஒழுங்கில் ஒன்றைக்கூட விட மாட்டார். என் சேர்விஸ் காலம் முழுவதும் எங்கள் பிரிவில் ஒருவருக்கும் மின்சாரம் அடிக்கவில்லை.

இனி அந்த வான்.

நலன்புரிச் சங்கம் ஒன்று வெருகல் பக்கத்துச் சிறுநீரக நோயாளர்களை இரத்தம் சுத்திகரிக்கத் திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்க ஒரு ஹைபிரிட் வானை வைத்திருந்தது. செவ்வாய், வியாழன், சனி. ஈச்சிலம்பற்று, சேருவில, மூதூர், கிண்ணியா என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும். ஜவாத் நானா சாரதி. வானுக்குள் பிராணவாயு இயந்திரமும், மருந்துக் குளிர்ப்பெட்டியும், பின்பக்கத்துக்கு ஒரு சின்ன ஏசியும் வேண்டும் என்று சங்கம் கேட்டது. வானின் பெரிய பற்றரியிலிருந்து இவற்றுக்கு மின் கொடுக்க நான் தனியாக ஒரு கொன்வேர்ட்டர் பெட்டி செய்து, கடைசி ஆசனத்துக்குக் கீழே பூட்டினேன். முதல் ஓட்டத்திலேயே வானின் ரேடியோ இரைந்தது. இரைச்சலை வடிகட்டுவதற்காகப் பெட்டியின் வாசலில் ஒரு சுருளும் ஒரு கப்பாசிட்டரும் போட்டேன். சுருளை என் கையால் சுற்றினேன், தடித்த செப்புக் கம்பியில், மின்னுக்கு அது தரும் தடை எவ்வளவு குறையுமோ அவ்வளவு குறைத்து. சேர் பார்த்துவிட்டு, "வடிவாச் சுத்தியிருக்கிறீங்கள்" என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது பெரிய விஷயம்.

ஒரு வருடத்துக்குமேல் வான் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பிறகு வானின் பெரிய பற்றரி களைத்துப்போனது. புதியது போட்டோம். இரண்டு வாரம் போக, ஒரு வியாழக்கிழமை பின்னேரம் நோயாளர்களை வீட்டுக்குக் கொண்டுபோகும்போது, மூதூர் தாண்டியதும் வான் நடுவீதியில் நின்றது. முகப்பில் சிவப்பு முக்கோணம். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மறுபடி போட்டதும் ஓடியது. அடுத்த செவ்வாயும் அப்படியே. சனிக்கிழமை சேருவில தாண்டிக் காட்டுப் பக்கம் நின்றபோது உடனே மறுபடி எழும்பவில்லை. பொழுது சாயும் நேரம், யானை கடக்கிற இடம். உள்ளே ஆறு நோயாளர். பூமணி அக்கா என்று வெருகல் கரையோரத்திலிருந்து வருகிறவருக்குப் பிராணவாயு இயந்திரம் இல்லாமல் அவ்வளவு தூரம் வர ஏலாது. வான் நின்றதும் இயந்திரமும் நின்றது. கைவசம் இருந்த சின்னச் சிலிண்டர் இருபது நிமிடம்தான் தாங்கும். பதினைந்தாவது நிமிடத்தில் வான் எழும்பியது. ஜவாத் நானாதான் எனக்கு இதையெல்லாம் சொன்னார்.

திங்கட்கிழமை சங்கத்தின் செயலாளர் கராஜுக்கு வந்தார். மரியாதையான மனிதர்.

"கொழும்பில விசாரிச்சனாங்கள் சேர். வானின்ட பிரதான கொன்வேர்ட்டர்தான் பழுதாம். கணினியும் அப்பிடித்தான் காட்டுது. புதுசு வர மூண்டு மாசம் செல்லுமாம்."

"அதுவரைக்கும்?" என்று சேர் கேட்டார்.

"வானை நிப்பாட்டத்தான் வேணும். மற்ற ஆக்கள் வாடகை வானில வருவினம். பூமணி அம்மாவுக்குத்தான் வழி தெரியேல்ல. வாற சனிக்கிழமைக்குள்ள நீங்கள் ஏதாவது செய்தால் சரி. இல்லாட்டி கொழும்புக்கு அனுப்புறம்."

அன்று முழுவதும் வானைக் கராஜில் வைத்து ஓட்டினோம். எல்லாச் சாதனங்களையும் போட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. கொப்பியின் இடப்பக்கத்தில் எழுத எதுவும் இல்லை, வலப்பக்கம் நிரம்பி வழிந்தது. சேர் அதைப் பார்த்துவிட்டு, "வான் எங்க நிக்குது?" என்று கேட்டார்.

"மூதூருக்கு அங்கால, சேர்."

"அப்ப நீங்கள் ஏன் இங்க நிக்கிறீங்கள்?"

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நானும் ஏறினேன். பெரிய பிராணவாயுச் சிலிண்டர் ஒன்றை முன்கூட்டியே ஏற்றியிருந்தோம்; வாடகை வான் ஒன்றும் பாதுகாப்புக்குப் பின்னால் வந்தது. மின் ஆடுகிற ஆட்டத்தைக் கோடாகக் காட்டும் அலைகாட்டியை மடியில் வைத்துக்கொண்டு, என் பெட்டி இருந்த கடைசி ஆசனத்தில் பூமணி அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். மெலிந்த பெண், மூக்கில் குழாய், கண்ணில் மட்டும் துடிப்பு. கொஞ்ச நேரம் என் மடியைப் பார்த்துக்கொண்டு வந்தவர் கேட்டார்.

"இதென்ன மகள், ரீவியோ?"

"இல்லை அக்கா. வான் ஏன் நிக்குது எண்டு பாக்கிற பெட்டி."

"அது நிக்கிறதுக்கு முன்னம் விசிலடிக்கும்."

நான் திரும்பிப் பார்த்தேன். "எது?"

"இந்தா, எனக்குக் கீழ இருக்கிற சாமான்தான். நுளம்பு காதுக்குள்ள வந்தமாதிரி கீச்செண்டும். பிறகு வான் நிக்கும். நான் ரெண்டு மூண்டு தரம் சொன்னனான். ஆரும் காது குடுக்கேல்ல."

எனக்கு முகம் சூடாகியது. அவர் சொன்ன சாமான் என் பெட்டி. மூன்று தரம் வான் நின்றதற்கும் நாங்கள் சாரதியை விசாரித்தோம், கணினியை விசாரித்தோம். அந்தப் பெட்டிக்கு மேல் உட்கார்ந்து வந்த மனுஷியை ஒருவரும் கேட்கவில்லை.

மூதூர் தாண்டியது. நல்ல வெயில், ஏசி முழு வேகத்தில் ஓடியது. பூமணி அக்கா என் கையைப் பிடித்தார். "இந்தா, துவங்கிற்று."

எனக்கும் கேட்டது. மெல்லிய கீச்சுச் சத்தம். அலைகாட்டியில் நேராக இருந்த கோடு சிற்றலையாகி, பார்த்துக்கொண்டிருக்கவே அலை உயர்ந்துகொண்டு போனது. பக்கத்துப் பெட்டியில் ஆடும் அந்த ஆட்டத்தைத்தான் வானின் பிரதான கொன்வேர்ட்டர் கண்டு, தனக்கு ஆபத்து என்று வாகனத்தை நிறுத்தியிருக்கிறது. நான் பூமணி அக்காவைச் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு சுவிட்சை அமத்தி என் பெட்டியை நிறுத்தினேன். கீச்சுச் சத்தம் அறுந்தது. கோடு நேரானது. வான் நிற்காமல் ஓடியது.

நோயாளர்கள் கைதட்டினார்கள். எனக்குத் தட்ட வரவில்லை. வானில் பிழை இல்லை. பிழை நான் சுற்றிய சுருளில் இருந்தது.

பூமணி அக்காவை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஜவாத் நானா தன்பாட்டில் புறுபுறுத்துக்கொண்டு வந்தார். "புதுப் பற்றரி போட்ட நாளிலயிருந்துதான் தங்கச்சி இந்தத் தலையிடி. பழசையே விட்டிருந்தா ஓடியிருக்கும்."

அவர் கோபத்தில் சொன்னது. ஆனால் கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது அதில் இருந்த உண்மை எனக்கு விளங்கிவிட்டது.

ஒரு பல்புக்கு வோல்ற்று குறைந்தால் அது எடுக்கும் மின்னோட்டமும் குறையும். கொன்வேர்ட்டர் அப்படியல்ல. வெளியே கொடுப்பதைக் குறையவிடாமல் பார்ப்பது அதன் வேலை. உள்ளே வரும் வோல்ற்று குறைந்தால் அது கூடுதலாக இழுக்கும். கூடுதலாக இழுத்தால் வோல்ற்று இன்னும் குறையும். வாசலில் ஒரு சுருளும் கப்பாசிட்டரும் இருந்தால் அவை இரண்டும் ஊஞ்சல் மாதிரி; கொன்வேர்ட்டர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பின்னால் நின்று தள்ளுகிறது. அந்த ஆட்டத்தைத் தின்று அடக்க எங்கேயாவது கொஞ்சம் தடை வேண்டும். பழைய பற்றரிக்குள் முதுமையால் வந்த தடை இருந்தது. ஒரு வருடமாக அதுதான் என் பிழையைத் தாங்கியிருக்கிறது. புதுப் பற்றரியில் அந்தத் தடை இல்லை. பின்னேரம் வெயிலில் பற்றரி சூடாகும்போது இருந்த கொஞ்சமும் போய்விடும். கராஜில் குளிர்ந்த பற்றரியோடு எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் அது வராது.

புதன்கிழமை காலை சேருக்கு முன்னால் கொப்பியை வைத்தேன். இடப்பக்கத்தில் கீச்சுச் சத்தமும் வளர்ந்த அலையும். வலப்பக்கத்தில் ஒரே வரி: 'என் வடிகட்டியில் தடை போதாது.' அவர் இரண்டு பக்கத்தையும் வாசித்தார்.

"நான்தான் பிழை விட்டனான் சேர்."

"நானும் பாத்து நல்லாயிருக்கெண்டு சொன்னனான்" என்றார். "அதை விடுங்கோ. வலப்பக்கத்தில இருக்கிறதை எப்பிடி இடப்பக்கத்துக்குக் கொண்டுவரப் போறீங்கள்?"

பழைய மின்னடுப்பு ஒன்றைப் பிரித்து அதன் கம்பியில் ஒரு சாண் வெட்டினேன். வானை நிலாவெளி வரைக்கும் இரண்டு தரம் ஓட்டிப் பற்றரியைச் சூடாக்கிக்கொண்டு வந்தோம். ஏசி, குளிர்ப்பெட்டி, பிராணவாயு இயந்திரம் எல்லாவற்றையும் போட்டதும் கராஜுக்குள்ளேயே கீச்சுச் சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டது நானாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் நிறுத்தி, செருகியைப் பிடுங்கி, பத்து நிமிடம் நின்று, அடுப்புக் கம்பியைச் சுருளோடு தொடராகப் பூட்டினேன். மறுபடி போட்டோம். சத்தம் இல்லை. கோடு நூல் பிடித்தமாதிரி நேராக நின்றது.

"இதை இப்பிடியே விடலாமோ?" என்றார் சேர்.

"ஏலாது சேர். எல்லா மின்னும் இதுக்குள்ளாலதான் போகும். எந்நேரமும் சுட்டுக்கொண்டிருக்கும்."

"அப்ப?"

"ஆட்டத்தை மட்டும் தின்னுற மாதிரிச் செய்யவேணும்."

அன்று பின்னேரமும் வியாழக்கிழமையும் அதற்குப் போனது. வியாழன் நோயாளர்கள் வாடகை வானில் வந்தார்கள். பூமணி அக்காவுக்கு மட்டும் சங்கம் மூன்று சிலிண்டர் தேடிப்பிடித்து ஏற்றியது. நான் வடிகட்டியின் கப்பாசிட்டருக்குப் பக்கத்தில் அதைவிடப் பல மடங்கு பெரிய கப்பாசிட்டர் ஒன்றையும், அதனுடன் தொடராக ஒரு தடையையும் போட்டேன். சீரான மின் கப்பாசிட்டரைத் தாண்டாது, ஆகவே தடை சும்மா சூடாகாது. ஆட்டம் வந்தால் அது மட்டும் அந்த வழியால் ஓடித் தடையில் அழிந்துபோகும். தடை கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை. ஏழு விதமாகப் போட்டுப் பார்த்து ஒன்றைப் பிடித்தேன்.

வெள்ளிக்கிழமை செயலாளரும் வந்தார். சேர் அவருக்கு ஒரு கதிரை போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் முதலில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"பிழை வானில இல்லை. நான் செய்த பெட்டியில இருந்தது. உங்கட ஆக்களின்ட உயிரோட விளையாடின மாதிரிப் போயிற்று. எனக்கு மிச்சம் கவலை."

செயலாளர் சேரைப் பார்த்தார். சேர் வானைக் கையால் காட்டினார்.

வான் சூடாகத் தயாராக இருந்தது. புதிய தடையையும் கப்பாசிட்டரையும் சேர்க்கவும் பிரிக்கவும் பரிசோதனைக்காக ஒரு சுவிட்ச் வைத்திருந்தேன். பிரித்தேன், கீச்சென்றது. சேர்த்தேன், நின்றது. செயலாளர் எழும்பிக் கிட்ட வந்தார்.

"இன்னொருக்கா" என்றார் சேர்.

பிரித்தேன், கீச்சென்றது. சேர்த்தேன், நின்றது.

"இன்னொருக்கா."

பத்துத் தரம் செய்வித்தார். பத்துத் தரமும் ஒரே பதில். பக்கத்து லொறியில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கருவிகளை வைத்துவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். பத்தாவது தரம் சத்தம் அறுந்தபோது ஒருவர் விசிலடித்தார். சேர் சிவப்புப் பேனையை எடுத்து, என் கொப்பியின் வலப்பக்கத்திலிருந்த வரியிலிருந்து இடப்பக்கத்துக்கு ஒரு அம்புக்குறி போட்டார்.

"கொழும்புக்கு அறிவிக்கிறன்" என்றார் செயலாளர். "வான் அங்க போகாது எண்டு."

அந்தத் தடையும் கப்பாசிட்டரும் பூட்டும் முறையை வரைந்து கொடுத்தேன்; அந்த வரைபடம் பிறகு பல ஊர்களுக்குப் போனது. கொழும்பிலிருந்து இரண்டு பொறியியலாளர்கள் வந்து பார்த்துவிட்டு, தாங்கள் பூட்டும் பெட்டிகளிலும் அந்தத் தடையைச் சேர்த்தார்கள். வேறு மாவட்டங்களிலிருந்தும் வாகனங்கள் வந்தன. கிட்டத்தட்ட ஒவ்வொன்றிலும் புதுப் பற்றரி, அழகான சுருள், கீச்சுச் சத்தம். வாகனத்தில் வந்தவர்களை விசாரிக்காமல் நான் பிறகு ஒரு மூடியையும் திறக்கவில்லை. எனக்குப் பதவி உயர்வு வந்ததும் அந்த வேலையால்தான். ஆனால் நான் வெற்றி என்று நினைக்கும்போது மனதில் வருவது அந்தச் சனிக்கிழமை.

சுவிட்சைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் நிரந்தரமாகப் பூட்டி, சனிக்கிழமை பின்னேரம் நானும் ஏறினேன். வெயில் நெருப்பாக இருந்தது. எனக்கு அது வேண்டியிருந்தது. ஜவாத் நானா ஏசியை முழுக்கத் திருப்பினார். பாலம் கடந்தது, மூதூர் கடந்தது. ஆறு பேரும் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தார்கள். சேருவில தாண்டி, முன்பு நின்ற அந்தக் காட்டு வளைவு வந்தபோது ஜவாத் நானா வாய்க்குள் ஓதினார். வான் அதைக் கடந்து போனது. ஈச்சிலம்பற்றில் ஒருவர் இறங்கியபோது, "தங்கச்சி, இது ஓடுது" என்று ஜவாத் நானா திரும்பிச் சொன்னார், ஏதோ எனக்குத் தெரியாதது போல. அதற்குப் பிறகுதான் வானுக்குள் கதை தொடங்கியது. பூமணி அக்கா குழாயை மூக்கில் வைத்தபடியே தன் மருமகனைப் பற்றி ஒரு பெரிய பகிடிக் கதை சொன்னார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பூமணி அக்காவின் வாசலில் வான் நின்றபோது இன்னும் வெயில் இருந்தது. சத்தம் கேட்டு அவருடைய மகள் குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். தாயின் முகத்தைப் பார்த்தாள், வானைப் பார்த்தாள்.

"என்னம்மா, வான் திரும்பவும் பழுதோ?"

"இல்லையடி. நிக்காம வந்தது."

"ஐயோ, இவ்வளவு வேளைக்கு வருவியள் எண்டு ஆருக்குத் தெரியும்? நான் இன்னும் உலையே வைக்கேல்லயே!"

நானும் ஜவாத் நானாவும் வாசலில் இரண்டு கதிரையைப் போட்டுக்கொண்டு, சோறு வெந்து முடியும்வரை அங்கேயே இருந்தோம்.